கயிறண்ணன் வீட்டு பீரோ

நாலாவது மாடியிலிருந்து ஒரு ஸ்டீல் பீரோவை, கண்ணாடி உடையாமல், சுவரில் கீறல் விழாமல், இரண்டே ஆள் சேர்ந்து கீழே கொண்டுவர முடியுமா? முடியாது என்பவர்கள் கயிறண்ணன் வேலை செய்து பார்த்ததில்லை.

குறுக்கே இரண்டு சுற்று, அடியில் ஒரு சுற்று, தோளில் ஒரு சுற்று. மிச்சமிருக்கிற முனை அவர் பல்லில். அந்த முனையை இழுத்தும் விட்டும்தான் சுமை சாயாமல் பார்த்துக்கொள்வார். அது பல்லில் இருக்கும்வரை ஒரு வார்த்தை பேச மாட்டார். பேச வாயைத் திறந்தால் கீழ்ப்படியில் நிற்கிறவன் நெஞ்சில் பீரோ ஏறிவிடும். வேன் ஸ்டாண்டில் இதை வைத்து ஓயாத கிண்டல்.

"அண்ணி உங்ககூட சண்டை போடணும்னா வேலை நேரத்துலதான் வரணும் அண்ணே. அப்பதான் எதிர்த்துப் பேச மாட்டீங்க."

"அவ பேச ஆரம்பிச்சா எனக்குக் கயிறே தேவையில்லடா. தானா வாய் மூடிக்கும்."

வீடு மாற்றுவதுதான் அவர் பிழைப்பு. இந்தத் தொழிலில் அவர் விடாமல் பிடித்துவைத்திருந்த ஒரு முறை உண்டு. ஒரு வீட்டுக்குள் சாமான் போக வேண்டுமென்றால், முதலில் அங்கே இருப்பது வெளியே வந்தாக வேண்டும். ஏறுகிற கட்டிலும் இறங்குகிற கட்டிலும் படிக்கட்டுத் திருப்பத்தில் சந்தித்தால், அப்புறம் சுவரைத்தான் இடிக்க வேண்டும் என்பார். காலி பண்ணு, பிறகு நிரப்பு. இதை மாற்றிச் செய்த புதுப்பையன்களை அவர் விரட்டியே விட்டிருக்கிறார்.

அவர் தொழிலுக்கு வந்த காலத்தில் சாமான் எல்லாத் திசையிலும் போனது. ஒற்றை அறையிலிருந்து இரட்டை அறைக்குப் போனார்கள். கல்யாணமாகி அடுத்த தெருவுக்குப் போனார்கள். மாமியாரோடு கோபித்துக்கொண்டு எதிர் வீட்டுக்கே போனவர்களும் உண்டு. கொஞ்ச வருஷமாக எல்லா வண்டிக்கும் ஒரே திசை. ஊருக்கு வெளியே. பஸ் நிற்கிற கடைசி இடம், அதையும் தாண்டி. நடுநகரம் காலியாகக் காலியாக கயிறண்ணனுக்கு வேலை குவிந்தது. வீட்டைக் காலி செய்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியின் பின்னால் உட்கார்ந்திருப்பதைக் கண்ணாடியில் பார்த்தபடி முன்னால் உட்கார்ந்து போவார். அந்த வரும்படியில் அவருக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

பிறகு அவர் குடியிருந்த கட்டடத்துக்கே முறை வந்தது.

நாலு மாடி, மாடிக்கு மூன்று வீடு, முற்றத்தில் ஒரு மோட்டார், எல்லோருக்கும் ஒரே படிக்கட்டு. கயிறண்ணனும் பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போகும் அவர் மனைவியும் மூன்றாவது மாடியில் இரண்டு அறையில் இருந்தார்கள். வீட்டுக்காரர் செத்த பிறகு பிள்ளைகள் இடத்தை ஒரு கட்டட நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். பழையதை இடித்துவிட்டு வானத்தை முட்டுகிற மாதிரி ஒன்று வரப்போகிறதாம்.

ஒரு விஷயத்தை இங்கேயே நேராகச் சொல்லிவிட வேண்டும். அந்த இடத்தில் அதிகம் பேர் குடியிருப்பதில் யாருக்கும் தகராறு இல்லை. நகரம் பெருத்துவிட்டது, மேலே போகத்தான் வேண்டும். கட்டடக்காரர்கள் இதையே திருப்பித் திருப்பிச் சொல்லி வாயை அடைக்கப் பார்ப்பார்கள். கேள்வி அதுவல்ல. பன்னிரண்டு வீடு இருந்த இடத்தில் அதைப்போலப் பல மடங்கு வரும்போது, அந்தப் பன்னிரண்டுக்கு மட்டும் எப்படி இடம் இல்லாமல் போகிறது? இந்தக் கேள்விக்கு அவர்களிடம் பதில் இருந்ததில்லை. பதிலுக்கு ஒரு ஆளை அனுப்பினார்கள்.

அந்த ஆள் எதற்கும் சிரிப்பான். தண்ணீர் வரவில்லை என்றாலும் சிரிப்பான். கட்டடத்தில் அவனுக்குச் சிரிப்புத் தம்பி என்று பெயர் வைத்துவிட்டார்கள். கையில் கொஞ்சம் பணம், வாயில் நிறைய வாக்குறுதி. "புதுசு கட்டினதும் உங்களுக்குத்தான் முதல் உரிமை அக்கா" என்பான். எழுதிக்கொடு என்றால் சிரிப்பான்.

பன்னிரண்டு வீடும் மொட்டைமாடியில் கூடியது. பேசியது முழுக்கக் கயிறண்ணன்தான்.

"நான் எத்தனை வீட்டை இந்தக் கையால இறக்கியிருக்கேன் தெரியுமா? ஒருத்தராவது திரும்பி வந்தாங்களா? வாய்ல சொன்னதை நம்பிப் போனவங்கதான் எல்லாரும். அதே வாடகைக்குப் புது வீடு, எழுத்துல வேணும். பன்னிரண்டு பேருக்கும் ஒரே நாள்ல வேணும். அதுவரைக்கும் இந்தப் படியில ஒரு ஸ்டூல்கூட இறங்கக் கூடாது."

முதல் மாடி டியூஷன் டீச்சர் கை தூக்கினார். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் யார் பேசினாலும் கை தூக்கிக் கேட்கிற பழக்கம் அவருக்கு.

"சரி கயிறண்ணே. உள்ளுக்குள்ளயே ஒருத்தர் அவன்கிட்ட ரகசியமா வாங்கிட்டா? நமக்கு எப்படித் தெரியும்?"

"பீரோவை ரகசியமா இறக்க முடியுமா டீச்சர்? யார் வீட்டு பீரோ இறங்குதோ, அவன் விலை போயிட்டான்னு வெச்சுக்கங்க. அவ்வளவுதான் கணக்கு."

எல்லோரும் கைதட்டினார்கள். அவர் ஸ்டாண்டுக்குப் போய், அந்தக் கட்டடத்துச் சாமானை ஒரு வண்டியும் ஏற்றக் கூடாது என்று பேசி வைத்தார். ஸ்டாண்டும் கட்டுப்பட்டது. சிரிப்புத் தம்பி வந்தான், போனான், மோட்டாரை நிறுத்தினான், மறுபடி வந்தான். பன்னிரண்டு கதவில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. கடன் தரும் வங்கிக்குக் காலி மனையைக் காட்ட வேண்டிய நாள் நெருங்க நெருங்க நிறுவனம் இறங்கி வந்தது. வெள்ளிக்கிழமை உட்கார்ந்து பேசலாம், காகிதத்தோடு வருகிறோம் என்று சொல்லி அனுப்பியது.

புதன்கிழமை காலையில் மகளிடமிருந்து போன்.

"அப்பா... பூட்டைப் போட்டுட்டாங்கப்பா. சாமான் எல்லாம் ரோட்டுல கிடக்கு. மழை வேற வர்ற மாதிரி இருக்கு."

மகள் கல்யாணமாகி ஊரின் இன்னொரு பக்கம் இருந்தாள். அவள் தெருவுக்குப் பக்கத்தில் ரயில் நிலையம் வந்தது. வந்த அன்றே வாடகைக்குச் சிறகு முளைத்துவிட்டது. மாப்பிள்ளையும் அவளும் கட்டமுடியாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவிடம் சொல்லவில்லை. அப்பா பன்னிரண்டு வீட்டைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார், அவர் தலையில் இதையும் ஏற்றுவானேன் என்று.

கயிறண்ணன் உடனே எழுந்தார். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். அவர் தன் இரண்டு அறையையும் ஒரு முறை பார்த்தார். மகள் வீட்டில் ஒரு பீரோ, ஒரு கட்டில், ஃப்ரிட்ஜ், இரண்டு பிள்ளைகள். இங்கே ஒரு பீரோ, ஒரு கட்டில். இரண்டும் சேர்ந்து நிற்க இடமில்லை. முறைப்படி முதலில் காலி பண்ண வேண்டும். போகிற வழியில் தன் பீரோவையும் கட்டிலையும் ஸ்டாண்டுக் கொட்டகையில் போட்டுவிட்டு, மகள் சாமானை ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம். ஒரே வண்டி, ஒரே நடை. தொழில் தெரிந்தவன் வேறு எப்படி யோசிப்பான்?

ஸ்டாண்டுக்குப் போன் போட்டார். கேட்டது அவரே என்பதால் வேனும் ஒரு கை ஆளும் வந்தார்கள்.

இப்படியாக, ஒரு ஸ்டூல்கூட இறங்கக் கூடாத படிக்கட்டில், முதல் பீரோவாகக் கயிறண்ணன் வீட்டு பீரோ இறங்கியது.

கீழ்வாசலில் டீச்சர் நின்றிருந்தார். பீரோவைப் பார்த்தார். அதன் கண்ணாடியில் ஒட்டியிருந்த பேரப்பிள்ளையின் ஸ்டிக்கரைப் பார்த்தார். யாருடைய பீரோ என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

"அண்ணே, என்ன இது? எங்க போகுது?"

கயிறண்ணன் பல்லில் கயிறு. கையை மட்டும் அசைத்தார். வந்து சொல்கிறேன் என்று அர்த்தம். டீச்சருக்கு அது, போம்மா என்கிற மாதிரி தெரிந்தது.

பீரோ வேனில் ஏறிய பிறகு பல்லிலிருந்து கயிற்றை எடுத்தார். ஒரு நிமிஷம் நின்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மழை பிடித்துவிடும் என்கிற அவசரம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், என் மகள் சாமான் தெருவில் கிடக்கிறது என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. மொட்டைமாடியில் அவ்வளவு பேசின வாய் அது. கட்டிலையும் கொண்டுவந்து போட்டார், ஏறி உட்கார்ந்தார், போய்விட்டார்.

மழை பிடித்தேவிட்டது. மகள் தெருவில் முழங்கால் தண்ணீர். தார்பாய்க்கு அடியில் பேரப்பிள்ளைகள் ஃப்ரிட்ஜ் மேல் உட்கார்ந்திருந்தார்கள். போன் நனைந்து செத்துப்போனது. சாமானை ஏற்றி, வண்டியைத் தள்ளி, நெரிசலில் நின்று நின்று, கட்டடத்துக்குத் திரும்பி வரும்போது வெளிச்சம் மங்கிவிட்டது.

வாசலில் வேறொரு வேன் நின்றது. வேறு ஸ்டாண்டு வண்டி. இரண்டாவது மாடித் தையல்காரரின் மெஷின் அதில் ஏறிக்கொண்டிருந்தது.

"டேய், என்னடா இது? யாருடா இறக்கச் சொன்னது?"

தையல்காரர் திரும்பினார். ஒரே படிக்கட்டில் பத்து வருஷம் ஏறி இறங்கிய ஆள்.

"வாங்க தலைவரே. மிச்சத்தையும் ஏத்திட்டுப் போக வந்தீங்களா?"

"என்ன பேசற நீ?"

"நாங்க என்ன பேசறது? காலையில நீங்க கிளம்பின கையோட சிரிப்பு வந்துட்டான். உங்க கயிறண்ணனே வாங்கிட்டுக் கிளம்பிட்டாரு, நீங்க யாருக்காகக் காத்துக்கிட்டு இருக்கீங்கன்னு கேட்டான். இன்னைக்கு வாங்கினா முழுப் பணம், நாளைக்குன்னா பாதிதான்னான். டீச்சர்தான் முதல்ல போட்டாங்க கையெழுத்து. அவங்க கூடப்பொறந்த தம்பி கார்ல சாயந்தரமே போயிட்டாங்க. அவங்க பார்த்திருக்காங்க இல்ல, கண்ணால."

கயிறண்ணன் வேனின் தார்பாயைப் பிடித்து இழுத்தார். உள்ளே மகளின் பீரோ. மகளின் கட்டில். ஈரப் பாய் மேல் தூங்கிப்போன பேரப்பிள்ளைகள். பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு மகள்.

"பாருடா! நல்லாப் பாரு! இது வெளிய போற சாமானா? உள்ள வர்ற சாமான்டா! என் பொண்ணைத் தெருவுல தள்ளிட்டானுங்க. அவ சாமான் போக இடம் வேணும்னுதான்டா என்னுதை இறக்கினேன்!"

தையல்காரர் உள்ளே பார்த்தார். மகளைப் பார்த்தார். தலையில் கையை வைத்தபடி மெஷின் பலகை மேல் உட்கார்ந்துவிட்டார்.

"இதைக் காலையிலயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே அண்ணே."

"எப்படிச் சொல்றது? வாய்ல கயிறு இருந்துச்சு."

"கயிறு! நாசமாப் போச்சு. ஒன்பது வீடு போச்சு அண்ணே. ஒன்பது. கயிறாம்."

அந்த ஒன்பதை மீட்க கயிறண்ணன் அலையாத அலைச்சல் இல்லை. மறுநாள் முழுக்க ஒவ்வொரு கதவாகத் தட்டினார். சிலர் கேட்டார்கள், நம்பினார்கள், அழக்கூடச் செய்தார்கள். ஆனால் காசை வாங்கிப் புது வீட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டார்கள். கட்டின காசைத் திருப்பித் தருகிற வீட்டுக்காரன் எந்த ஊரில் இருக்கிறான்? சிலர் கதவைத் திறக்கவே இல்லை. சிரிப்புத் தம்பி எல்லாரிடமும் ஒரே பொய்யைச் சொல்லியிருக்கிறான். பொய்யைச் சொல்ல அவனுக்குக் கூலி. அதை நம்புகிற அளவுக்குப் பயத்தை அதற்கு முன்பே வருஷக் கணக்கில் ஊட்டிவைத்திருந்தார்கள், அதற்கு யார் கூலி கொடுத்தது என்பதுதான் யாரும் கேட்காத கேள்வி.

வெள்ளிக்கிழமை வந்தது. காகிதத்தோடு வருகிறோம் என்றவர்கள் வரவில்லை. எதற்கு வர வேண்டும்?

மிஞ்சியது மூன்று வீடு. கயிறண்ணன் வீடு. அன்றைக்கு டூட்டியில் இருந்ததால் சிரிப்பிடம் மாட்டாத முதல் மாடி நர்ஸ். எதுவுமே காதில் விழாத மாதிரி இருந்துவிடும் வாட்ச் ரிப்பேர்க்காரர், நாலாவது மாடி. மற்ற ஒன்பது வீட்டின் கதவு நிலைகளையும் ஜன்னல்களையும் கம்பெனி ஆட்கள் பெயர்த்து எடுத்துப் போனார்கள். மோட்டார் போனது. தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் ஏற்ற வேண்டியிருந்தது. இரண்டு அறையில் ஆறு பேர். ராத்திரி யாராவது புரண்டு படுத்தால் எல்லோரும் புரள வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரிப்புத் தம்பி மூன்றாவது மாடிக்கே ஏறி வந்தான். மூச்சு வாங்கியது. உள்ளே எட்டிப் பார்த்தான்.

"என்ன அண்ணே, இத்தனை பேர் இருக்கீங்க இந்த ரூமுக்குள்ள. இது சட்டப்படி தப்பு தெரியுமா? நெரிசல்."

"ஆமா. நீ கட்டப்போறதுல ஒரு ரூமுக்கு ஒரு ஆளுதானே?"

சிரித்தான். உட்கார்ந்தான். விஷயத்துக்கு வந்தான். வங்கி நெருக்குகிறது. மூன்று வீடு இருந்தாலும் இடிக்க முடியாது. "உங்களுக்கு மட்டும் எழுதித் தரச் சொல்லிட்டாங்க. புது வீடு, பழைய வாடகை, எழுத்துல. நீங்க கேட்டது அப்படியே. உங்களுக்கு மட்டும். நீங்க இறங்கினா மத்த ரெண்டும் தானா இறங்கிடும்."

மகள் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. கயிறண்ணன் மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள்.

"வாங்கிக்கங்க."

"நீ சும்மா இரு."

"ஏன் சும்மா இருக்கணும்? விலை போயிட்டான்னு ஊரே உங்களைச் சொல்லிடுச்சு. பேர்தான் போச்சு, வீடாவது வரட்டும். இத்தனைக்கும் பிறகு நீங்க யாருக்கு நிரூபிக்கணும்? அந்த ஒன்பது பேர்ல ஒருத்தன் வந்து ஒரு குடம் தண்ணி ஏத்தினானா?"

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. கயிறண்ணனுக்கு அதுதான் எரிச்சலாக இருந்தது. சுவரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், சிரிப்பைப் பார்த்தார்.

"மூணு காகிதம் கொண்டா. மூணும் ஒரே நாள், ஒரே எழுத்து. இல்லன்னா இந்தப் படியில ஏறாதே. மூச்சு வேற வாங்குது உனக்கு."

"அண்ணே, யோசிங்க..."

"போடா!"

அவன் போன பிறகு மனைவி பாத்திரங்களைத் தேய்த்த சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். கயிறண்ணன் கீழே போய் நர்ஸிடம் நடந்ததைச் சொன்னார். ஒரு நன்றியாவது வரும் என்று எதிர்பார்த்தார் போல.

"யாரைக் கேட்டு எனக்காக மறுத்தீங்க?" என்றாள் நர்ஸ். கால் வீங்கி, செருப்பைக் கழற்றக்கூட நேரமில்லாமல் அப்போதுதான் வந்திருந்தாள். "நீங்க வாங்கிட்டுப் போயிருந்தா நானும் நாளைக்கே கிளம்பியிருப்பேன். தண்ணி தூக்கித் தூக்கி இடுப்பு போச்சு. இப்ப உங்க முகத்துக்காக நானும் உட்காரணும்."

"அப்ப போங்க சிஸ்டர். நான் தடுக்கல."

"போறதா? இவ்வளவு தூக்கின பிறகா? எங்க அந்தப் பேப்பர், எப்ப வருதுன்னு மட்டும் சொல்லுங்க." கதவைச் சாத்திக்கொண்டாள்.

காகிதம் வந்தது. நிறுவனம் இன்னும் இரண்டு வாரம் முறைத்துப் பார்த்தது, ஜன்னல் வழியே கல் விழுந்தது, ஸ்டாண்டில் வந்து மிரட்டினார்கள், கடைசியில் வங்கிக்குப் பயந்து மூன்று காகிதம் வந்தது. நர்ஸ் ஒவ்வொரு வரியையும் சத்தமாக இரண்டு தடவை படித்தாள். வாட்ச் ரிப்பேர்க்காரருக்குக் காது திடீரென்று நன்றாகக் கேட்டது, ஒரு எழுத்துப் பிழையைக்கூடத் திருத்தச் சொன்னார். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். பன்னிரண்டில் மூன்று. இதை வெற்றி என்று எழுதச் சொல்கிறவர்கள் எழுதிக்கொள்ளட்டும். கயிறண்ணன் மனைவி அன்றைக்கு அவரோடு பேசினாள், அவ்வளவுதான்.

கட்டி முடிக்கும்வரை தங்க ஓர் இடம் கொடுத்தார்கள். அந்த வீட்டுக்குப் பக்கத்துப் பஸ் நிறுத்தத்தில்தான் ஒருநாள் டீச்சரைப் பார்த்தார். இரண்டு கையிலும் பை. நடுநகரத்தில் ஒரு வீட்டுக்கு டியூஷன் சொல்லிக்கொடுக்க, ஊருக்கு வெளியே அவ்வளவு தூரத்திலிருந்து வந்துபோகிறார். இளைத்திருந்தார்.

"கயிறண்ணே! நல்லாயிருக்கீங்களா? புது வீடாமே. எழுதியே குடுத்துட்டாங்களாமே."

"ஆமா டீச்சர். மூணு வீட்டுக்கும்..."

"எனக்கு அன்னைக்கே தெரியும். பீரோ இறங்கும்போதே தெரிஞ்சுபோச்சு. அப்புறம் எல்லாரும் என்னைத்தான் பிடிச்சுக்கிட்டாங்க, டீச்சர் புரளி கிளப்பிட்டாங்கன்னு. இப்ப பாருங்க, நான் சொன்னது சரியாப் போச்சு."

"ஐயோ டீச்சர், கேளுங்க. அன்னைக்குக் காலையில என் பொண்ணு போன் பண்ணி..."

பஸ் வந்து நின்றது. டீச்சர் பைகளைத் தூக்கிக்கொண்டு ஏறினார். படியில் நின்று திரும்பி, வகுப்பில் தப்புக் கணக்குப் போட்ட பிள்ளையைப் பார்க்கிற கனிவோடு அவரைப் பார்த்தார்.

"பரவாயில்ல விடுங்க அண்ணே. குடும்பஸ்தன். உங்க இடத்துல யார் இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பாங்க. நான் உங்களைத் தப்பா நினைக்கவே இல்ல."

"நான் வாங்கல டீச்சர்! அது உள்ள வர்ற சாமானுக்கு..."

பஸ் நகர்ந்தது. கயிறண்ணன் கூடவே நாலு எட்டு ஓடினார். உள்ளங்கையால் பஸ்ஸின் தகரத்தில் ஓங்கி ஓர் அடி அடித்தார். கண்டக்டர் தலையை வெளியே நீட்டினார்.

"யோவ், ஏறுறதுன்னா ஏறு. வண்டியை எதுக்கு அடிக்கிற?"